தேவகி தானாக விழவில்லை

தேவகி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது முப்பத்தொன்பதாவது வயதில். சைக்கிள் அவளுடையது அல்ல. மகள் சந்தியாவுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. முன்னால் கம்பிக் கூடை, பின்னால் கேரியர், கூடையில் அரசாங்க முத்திரை பதித்த தகடு. சந்தியா கல்லூரியில் சேர்ந்து பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகு அது ஓரிக்கையில் அவர்கள் வீட்டுப் பக்கச் சந்தில் சுவரில் சாய்ந்து நின்றது.

அந்த வருஷம்தான் தேவகிக்கு அரசு சுகாதார நிலையத்தின் கீழ் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். அவளுக்கு ஒதுக்கிய தெருக்கள் சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தன. ஷேர் ஆட்டோ தெரு முனை வரைக்கும்தான் போகும். அதற்கு மேல் நாற்பது வீடுகளுக்கு நடக்க வேண்டும். முதல் மாதம் நடந்தாள். இரண்டாவது மாதம் கணுக்கால் வீங்கிப்போய், சந்தில் நின்ற சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தாள்.

அவள் பிறந்தது முசரவாக்கத்தில். அந்த வீட்டில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. இரண்டையும் அண்ணன்கள் ஓட்டினார்கள். தேவகி கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனாள். ஓட்டக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஓட்டுகிறாயா என்று யாரும் கேட்டதும் இல்லை.

பாலாற்றுப் பக்கம் மணிமண்டபத்துக்குப் போகிற சாலையில் காலை ஆறு மணிக்கு சந்தியா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். ஒன்பதாவது நாள் பிடியை விட்டுவிட்டாள். தேவகி கொஞ்ச தூரம் போய், நிறுத்தத் தெரியாமல் ஒரு வேலிமேல் சாய்ந்து நின்றாள். அடுத்த வாரம் தனியாக வேலைக்குப் போனாள்.

அவள் கணவன் மாணிக்கவேல் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனுக்கு டிரைவர். இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். சைக்கிள்காரர்களைப் பற்றி அவனுக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது. கண்ணாடியில் தெரிய மாட்டார்கள், தெரியும்போது பிரேக் போட நேரம் இருக்காது. மனைவி சைக்கிளில் போகப்போகிறாள் என்றதும் அவன் தடுக்கவில்லை. ஓரமாகப் போ, வளையும்போது கையைக் காட்டு, பின்னால் ஹாரன் அடித்தால் பதறி ஒடிக்காதே என்று மட்டும் சொன்னான்.

ஓரமாகப் போவதுதான் முடியாத காரியமாக இருந்தது. ஊரின் எல்லாப் பொருளும் சாலை ஓரத்தில்தான் இருந்தது. கால்வாய் மூடி தூக்கி நின்றது ஓரத்தில், வீடு கட்டக் கொட்டிய மணல் ஓரத்தில், பழ வண்டி ஓரத்தில், மாடு படுத்திருந்ததும் ஓரத்தில். ஒவ்வொன்றுக்கும் விலகி நடுவுக்கு வரும்போது பின்னால் யாராவது ஹாரன் அடித்தார்கள். நாலு வருஷத்தில் அவளுக்கு ஹாரன்கள் பழகிப்போயின. ஷேர் ஆட்டோக்காரர்கள் விட்டுவிட்டு அடிப்பார்கள். அடித்துத் தாண்டிப் போய், அவளுக்கு முன்னாலேயே ஆளை ஏற்ற நிறுத்துவார்கள். கல்லூரி பஸ்கள் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே வரும். சுற்றுலா வேன் டிரைவர்கள் மட்டும் ஹாரன் அடிக்காமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வந்து, வரதர் கோயிலுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்பார்கள். அவள் ஒரு கையை எடுத்து வழி காட்ட வேண்டும்.

போலீஸ்காரர்கள் அவளிடம் பேசியதெல்லாம் இரண்டு மூன்று சொற்கள். சாதாரண நாளில் ஓரமாகப் போகச் சொன்னார்கள். கருட சேவை போன்ற நாட்களில் தெருவில் கயிறு கட்டி, இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். லைசென்ஸ், ஹெல்மெட், இன்சூரன்ஸ் எதுவும் அவளிடம் கேட்க முடியாது என்பதால் அவளை நிறுத்த வேண்டிய அவசியமும் அவர்களுக்கு ஏற்படவில்லை. ஒரு தடவை மட்டும், தடை செய்த இடத்தில் நின்ற பைக்குகளுக்கெல்லாம் காற்றைப் பிடுங்கிவிட்ட ஒரு கான்ஸ்டபிள், வரிசையில் கடைசியாக நின்ற அவளுடைய சைக்கிளுக்கும் பிடுங்கிவிட்டார். அவள் போய்க் கேட்டபோது, வரிசையில் நின்றதால் கைவாக்கில் செய்துவிட்டேன் என்றார். பஞ்சர் கடை எங்கே இருக்கிறது என்றும் அவரே சொன்னார்.

வேலையில் தேவகிக்கு ஒரு குணம் இருந்தது. மிஷின் என்ன காட்டியதோ அதைத்தான் எழுதுவாள். நூற்று நாற்பத்தெட்டை நூற்றைம்பது என்று எழுத மாட்டாள். தறியை விட்டு எழுந்து வந்து கையை நீட்டுகிற சிலர், மகன் நோட்டைப் பார்ப்பான், கொஞ்சம் குறைத்துப் போடம்மா என்று கெஞ்சுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே சரியான எண்ணை எழுதுவாள். வேண்டுமானால் கால் மணி நேரம் உட்காருங்கள், திரும்பப் பார்க்கிறேன், அதையும் எழுதுகிறேன் என்பாள். அப்படிச் சில பேருக்கு ஒரே நாளில் இரண்டு எண்கள் இருக்கும்.

போன வருஷம் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் காந்தி ரோடு வழியாக சுகாதார நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். செவ்வாய்தோறும் நோட்டையும் மிஷினையும் அங்கே காட்ட வேண்டும். முகூர்த்த மாதம் என்பதால் பட்டுக்கடைகளுக்கு முன்னால் வெளியூர்க் கார்கள் வரிசையாக நின்றன. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ விட்டுவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. தேவகி கார்களை ஒட்டி ஒரு முழம் தள்ளிப் போனாள்.

ஒரு வெள்ளைக் காரின் பின் கதவு திறந்தது. வலது பக்கத்துப் பின் கதவு. ஹேண்டில்பார் கதவின் விளிம்பில் மாட்டியது. அவள் வலது பக்கமாகச் சாலையில் விழுந்தாள். ஷேர் ஆட்டோ அவள் கால்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முழங்கையில் தோல் வழன்றிருந்தது. கூடையிலிருந்து பை தெறித்துப் போய்க் கிடந்தது.

கதவைத் திறந்தவர் காதில் போனை வைத்தபடி இறங்கினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, அகலமான கைக்கடிகாரம். அவர் முதலில் கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பார்த்து வரக் கூடாதா என்று கேட்டுவிட்டு, போனில் பேசிக்கொண்டே கடைக்குள் போனார். டிரைவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். முப்பது வயதுப் பையன். தண்ணீர் பாட்டில் கொடுத்தான். அக்கா, ஒன்றும் ஆகவில்லையே என்று நாலு தடவை கேட்டான். அதற்குள் முனையில் நின்ற போக்குவரத்துக் காவலர் வந்து, வண்டிகள் தேங்கி நிற்கின்றன, சைக்கிளை எடு என்றார். அவள் எடுத்தாள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

தேவகி கடை வாசல் படியில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். மிஷினின் கண்ணாடி உடைந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு கோடு மட்டும் வந்து மறைந்தது. அவள் நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தின் அடியில் கார் எண்ணையும் நேரத்தையும் எழுதினாள். பத்து நாற்பத்தேழு. அதற்குக் கீழே, வலது பின் கதவு என்று எழுதினாள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் தேவிப்ரியா முழங்கையைக் கழுவி மருந்து போட்டுக் கட்டினாள். மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தேவகியின் பேரில் ஸ்டாக்கில் இருக்கிறது என்றாள். கை தவறிப் போட்டு உடைத்தது இல்லை என்று காட்ட வேண்டும். போலீஸில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதின் நகலைக் கொண்டு வந்தால் புது மிஷினுக்கு எழுதிவிடலாம். இல்லாவிட்டால் அது அவள் பேரிலேயே நிற்கும்.

மறுநாள் புதன்கிழமை தேவகி காவல் நிலையத்துக்குப் போனாள். அதுவரை அவள் காவல் நிலையத்துக்குள் போனதில்லை. வெளியே சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், பிடிபட்ட பைக்குகள் நிற்கும் இடத்தில் நிறுத்தினாள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு எஸ்.எஸ்.ஐ. காசிநாதன் கூப்பிட்டார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறவர். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளி, சொல்வதை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவள் எழுதினாள். பெயர், கணவர் பெயர், ஊர், வேலை, தேதி. பிறகு அவர், மேற்படி இடத்தில் செல்லும்போது நிலை தடுமாறித் தானாக விழுந்ததில் என்று சொன்னார்.

தேவகி பேனாவை நிறுத்தினாள்.

"நான் தானா வுழல சார். கதவுல மாட்டி வுழுந்தேன்."

"தெரியுதும்மா. ஆனா அத்த எழுதினா அது ஆக்சிடென்ட் கேஸு. எஃப்.ஐ.ஆர். போடணும், வண்டிய புடிக்கணும், நீ ஆஸ்பத்திரி சீட்டு வாங்கணும், கோர்ட்டுக்கு அலையணும். உனக்கு இன்னா வேணும்? மிஷினுக்கு ஒரு சீட்டு. இப்டி எழுதிக் குடு, பத்து நிமிஷத்துல ரசீது கைல."

அவர் சொன்னதில் அக்கறையும் இருந்தது. அது அவளுக்குப் புரிந்தது. அவள் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி, பாதி எழுதிய தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மாணிக்கவேல் காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு மதியம் வீட்டில் இருந்தான். சாப்பிட உட்கார்ந்தவனிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் எஸ்.எஸ்.ஐ. சொன்னதுதான் சரி என்றான். கேஸ் என்று போனால் பின்னால் உட்கார்ந்தவனை யாரும் தேட மாட்டார்கள், டிரைவர்தான் மாட்டுவான். வண்டியைப் பிடித்து வைத்தால் அவனுக்குத்தான் வேலை போகும். லைசென்ஸுக்கும் ஆபத்து. ஒரு டிரைவரின் பிழைப்பைக் கெடுத்து என்ன ஆகப்போகிறது என்றான்.

டிரைவர் திறக்கவில்லை, பின்னால் இருந்தவர்தான் திறந்தார் என்று தேவகி திரும்பவும் சொன்னாள். பேப்பரில் அது டிரைவர் என்றுதான் வரும் என்றான் அவன். அப்படி வராமல் எழுதினால் போகிறது என்றாள் அவள். பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவன் குரல் ஏறியது. பிறகு திடீரென்று இறங்கியது. சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னான்.

"எனக்கும் அப்டித்தான் எழுதினாங்க."

அவள் கையில் ரசக் கரண்டி இருந்தது. அவன் மேலே சொல்லக் காத்திருந்தாள்.

"பதினோரு வருசம் ஆச்சு. அய்யம்பேட்டை வளைவு. ஒரு ஆளு ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்டிக்கினு சைக்கிள்ல போயிக்கினு இருந்தாரு. ஷிப்டுக்கு லேட்டு. ஒட்டி எடுத்தேன். கேன்ல இடிச்சுது. நிலை தடுமாறி வுழுந்தாருன்னு எழுதினாங்க. மொதலாளி பேசி முடிச்சுட்டாரு."

"அந்த ஆளுக்கு?"

"கால் முறிஞ்சுது."

"அப்பறம்?"

"அப்பறம் தெரியாது."

தேவகி அவனுக்கு ரசம் ஊற்றினாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சந்தியா நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இவன் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தான், என்ன சாப்பிட்டான் என்று நினைத்துப் பார்த்தாள். எதுவும் நினைவுக்கு வரவில்லை. அது மற்ற நாட்களைப் போல ஒரு நாளாகத்தான் இருந்திருக்க வேண்டும். போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். அவன் எழுந்து கை கழுவினான்.

அன்று மாலை அவள் ஒரு முழுத் தாளில் தன் புகாரைத் தானே எழுதினாள். நோட்டில் எழுதுகிற அதே நிதானமான எழுத்து. வெள்ளைக் காரின் வலது பின் கதவை, பின் இருக்கையில் இருந்த ஆண் ஒருவர், பின்னால் வருவதைப் பார்க்காமல் திறந்ததால் அதில் மோதிச் சாலையில் விழுந்தேன், தானாக விழவில்லை, டிரைவர் கதவைத் திறக்கவில்லை என்று எழுதினாள். சந்தியா அதைப் படித்துவிட்டு, தானாக விழவில்லை என்று தனியாக எழுத வேண்டாமே, முன்னால் வந்துவிட்டதே என்றாள். இருக்கட்டும் என்றாள் தேவகி.

வியாழக்கிழமை காசிநாதன் அதை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு கார் எண்ணை வைத்து, அதை வாடகைக்கு விடும் உரிமையாளரைப் பிடித்து, அவர் மூலமாக டிரைவரின் போன் நம்பரை வாங்கினார். டிரைவர் வாலாஜாபாத்துக்காரன், பெயர் உதயகுமார். மறுநாள் வரச் சொன்னார். தேவகியையும் வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை உதயகுமார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். தேவகியைப் பார்த்ததும் கை எப்படி இருக்கிறது என்று கேட்டான். காசிநாதன் அவனிடம் கதவைத் திறந்தது யார் என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் தெறந்தேன் சார்" என்றான்.

காசிநாதன் தேவகியைப் பார்த்தார். இப்போது அவருக்கு வேலை எளிதாகிவிட்டது. டிரைவரே ஒப்புக்கொள்கிறான், அபராதம் போட்டு முடித்துவிடலாம். நீயும் தானாக விழவில்லை என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் சரியாகிவிட்டது என்றார்.

"அவரு தெறக்கல சார்" என்றாள் தேவகி.

உதயகுமார் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றான். இருவரும் வெளியே வந்து, பிடிபட்ட பைக்குகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பின்னால் இருந்தவர் சென்னையில் நிலம் வாங்கி விற்கிறவர், மாதத்தில் நாலைந்து தடவை தன்னைத்தான் கூப்பிடுகிறார், மகள் கல்யாணம் முடிகிற வரைக்கும் தினமும் சவாரி இருக்கிறது என்று அவன் சொன்னான். அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரா என்று அவள் கேட்டாள். சொல்லச் சொல்லவில்லை, எப்படியாவது நீயே முடித்துக்கொள் என்று மட்டும் சொன்னார் என்றான்.

"எம்பேர எழுதிக்கங்கக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஃபைன் கட்டிட்டு போயிடுவேன்."

"நான் வுழுந்ததுக்கு நீ காரணம் இல்லப்பா. நீதான தூக்கி வுட்ட. உம்பேர எப்டி எழுதறது?"

"நானே ஒத்துக்கும்போது உங்களுக்கு இன்னாக்கா?"

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் மாணிக்கவேல் சொன்னதும் நினைவுக்கு வந்தது. கடைசியில், தான் பார்த்தது ஒன்று இருக்கும்போது வேறு ஒன்றில் கையெழுத்துப் போட வராது என்று மட்டும் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளே போய் அவள் தன் தாளில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது என்றாள். காசிநாதன் நாற்காலியில் சாய்ந்து அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர், நடந்ததைக் கூட்டி எழுது என்று தன்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள், இந்த மாதிரி ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா சலிப்பில் சொன்னாரா என்று தெரியவில்லை. பிறகு ரசீதை எழுதினார். வலது பின் கதவை, பின் இருக்கையில் இருந்த பெயர் தெரியாத ஆண் நபர் திறந்ததில் மோதி விழுந்ததாக மனு. பெயர் டிரைவருக்குத் தெரியும். ஆனால் தேவகிக்குத் தெரியாது, மனு அவளுடையது. அதனால் அந்தச் சொல்லை அவள் ஆட்சேபிக்கவில்லை.

ரசீதின் நகலை அன்றே தேவிப்ரியாவிடம் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து உதயகுமார் ஓரிக்கைக்கு வந்தான். கையில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே புது மிஷின், அவளிடம் இருந்ததைவிட விலை கூடியது. அதோடு தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. தவறான புரிதலில் புகார் கொடுத்துவிட்டேன், தானாகவே விழுந்தேன், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. மகள் கல்யாண சமயத்தில் காவல் நிலையத்தில் தன்னைப் பற்றி ஒரு தாள் இருப்பது அந்த மனிதருக்குப் பிடிக்கவில்லை என்று உதயகுமார் சொன்னான். யாரோ பெரிய ஆள் காசிநாதனிடம் போனில் பேசியதாகவும், அவர், மனுதாரர் சம்மதித்தால் சரி என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான்.

மாணிக்கவேல் அன்று வீட்டில்தான் இருந்தான். அவன் தாளை வாங்கிப் படித்துவிட்டு அவளிடம் கொடுத்தான். கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ சொல்லவில்லை. தேவகி மிஷினைத் திறந்து பார்த்தாள். நல்ல மிஷின்தான், எண்கள் பெரிதாகத் தெரிந்தன. அவளுடைய தெருக்களில் அப்போது மிஷின் இல்லை. பக்கத்துப் பகுதியில் அதே வேலை செய்கிற பூவம்மாளின் மிஷினை இரண்டு பேரும் நாள் மாற்றி நாள் வைத்துக்கொண்டிருந்தார்கள். பூவம்மாள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள். தேவகி மிஷினைப் பெட்டிக்குள் பழையபடி வைத்து, தாளையும் மேலே வைத்து மூடிக் கொடுத்தாள். உதயகுமாருக்கு காபி கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போனான்.

அரசாங்க மிஷின் வர ஏழு வாரம் ஆனது. காவல் நிலையத்திலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. ஒரு நாள் அவளே போய்க் கேட்டபோது, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று மனுவை முடித்துவிட்டதாகக் காசிநாதன் சொன்னார். பின் இருக்கைக்காரரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. மனுவில் எழுதியது அப்படியே இருக்கிறதா என்று அவள் கேட்டாள். பதிவேட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் காட்டினார். அப்படியே இருந்தது. இதற்கு மேல் அவளும் எதுவும் கேட்கவில்லை.

முழங்கை முழுதாக நீட்ட வர மூன்று மாதம் பிடித்தது. இப்போது அவள் நிற்கிற கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளித்தான் போகிறாள். அப்படிப் போனால் கிட்டத்தட்ட நடுச் சாலைக்கு வந்துவிடுகிறாள். முன்பைவிட அதிகமாக ஹாரன் அடிக்கிறார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் தாண்டும்போது தலையை நீட்டித் திட்டுகிறார்கள். காந்தி ரோட்டில் நிற்கிற காவலர் ஒருவர் ஒருநாள் அவளை நிறுத்தி, பின்னால் இத்தனை வண்டி வருவது தெரியவில்லையா என்று கேட்டார். கார்க் கதவு திறந்து விழுந்த கதையை அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, இருந்தாலும் இப்படிப் போகக் கூடாதம்மா என்றார். அவள் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறாள்.

உதயகுமாரை ஐப்பசியில் ஒரு நாள் பஸ் நிலையத்துக்கு வெளியே பார்த்தாள். அந்தச் சென்னைக்காரர் அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடவில்லை. மகள் கல்யாணத்துக்கு வேறு டிரைவரை வைத்துக்கொண்டார். உங்களால்தான் என்று நான் சொல்ல மாட்டேன் என்று அவன் சொன்னான். அப்படிச் சொன்னதே சொன்னது மாதிரிதான் இருந்தது. அவள் வீட்டுக்கு வந்து மாணிக்கவேலிடம் சொன்னாள். அவன் தன் ஒப்பந்தக்காரரிடம் பேசி, வேனுக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, உதயகுமாருக்குப் போன் செய்தான். உதயகுமார் நன்றி சொன்னான், ஆனால் வரவில்லை. வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான் என்று பிறகு தெரிந்தது. சவாரிக் கார் அளவுக்கு அதில் வருமானம் இல்லை. தேவகிக்கு அதைக் கேட்டபோது வருத்தமாகத்தான் இருந்தது. செய்தது தப்பு என்று மட்டும் தோன்றவில்லை.

பால்காரரைப் பற்றி மாணிக்கவேலிடம் அவள் இன்னும் ஒரே ஒரு தடவை பேசினாள். அய்யம்பேட்டையில் விசாரித்தால் தெரிந்துவிடும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே, நானும் வருகிறேன் என்றாள். அவன் பார்க்கலாம் என்றான். அவளுக்குத் தெரிந்து இதுவரை போகவில்லை. அவள் திரும்பக் கேட்கவும் இல்லை. அந்த வளைவில் இப்போது எப்படி ஓட்டுகிறான் என்று அவளுக்குத் தெரியாது. அந்த வேனில் அவள் ஏறியதில்லை.

தையில் பூவம்மாள் மூட்டுவலி என்று வேலையை விட்டாள். அவளுடைய தெருக்களில் பாதியைத் தேவகிக்குக் கொடுத்தார்கள். இப்போது நோட்டில் எழுபத்திரண்டு வீடுகள். இரண்டு பெரிய சாலைகளைக் குறுக்கே கடக்க வேண்டியிருப்பதால், கல்லூரி பஸ்கள் வருவதற்கு முன்னாலேயே, ஏழரை மணிக்கு அவள் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள்.